விரல்முட்டிக்கு ரப்பர் வைத்த கையுறை: எதைப் பார்த்து வாங்குவது?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“ஐயா, சொந்தமாக ஒரு லோரி வைத்து, சிறு தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குக் கொண்டு போகிறேன். என்னிடம் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். லோரி, டிரெக்டர் ரிப்பேரும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் டயர் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி ஒரு பையனுக்கு விரல்முட்டி பிளந்து மூன்று தையல். மேல்பக்கம் ரப்பர் வைத்த கையுறை கடையில் 18 வெள்ளிக்கும் இருக்கிறது, 120 வெள்ளிக்கும் இருக்கிறது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? வாங்கிக் கொடுத்தாலும் வெக்கை என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பாதிப் பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடிக்கக் கூடாது தம்பி. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம் 1.6.2024 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். ஐந்து பேரை வைத்திருக்கும் நீங்களும் அதன் கண்ணில் முதலாளிதான். சட்டத்தை விடுங்கள், தன் காசில் வாங்கிய கையுறையைக் கிழிந்த பிறகும் ஆள் மாட்டுவான். புதிது வாங்கினால் அடுத்த மாதமும் பிடிப்பார்களே என்று ஒட்டுப்போட்டு ஓட்டுவான்.

இப்போது கையுறைக்கு வருவோம். உங்கள் கையை விரித்து மேல்பக்கத்தைப் பாருங்கள். உள்ளங்கையில் இருக்கும் சதை அங்கே கிடையாது. மெல்லிய தோல், அதற்குக் கீழே விரலை நீட்டும் நரம்புக்கயிறு, உடனே எலும்பு. ஸ்பேனர் வழுக்கினால் முழு வேகத்தோடு போய் இரும்பில் மோதுவது இந்த இடம்தான். நானும் பட்டிருக்கிறேன். மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தபோது, குலை ஏற்றும் கூண்டு வண்டியின் சக்கரத்தில் துருப்பிடித்த போல்ட்டைத் திருப்பினேன். கையில் வெள்ளைப் பருத்தி கிளவ்ஸ். ஸ்பேனர் நழுவி நடுவிரல் முட்டி தண்டவாளத்தில் மோதியது. தோல் கிழிந்தது இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் இன்றுவரை காலையில் எழுந்தால் அந்த விரல் மட்டும் முழுதாக மடங்காது, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். முட்டியில் தகுந்த ரப்பர் இருந்திருந்தால் வீக்கத்தோடு போயிருக்கும்.

ஆனால் அந்த ரப்பர் எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கையுறைகளை 5 ஜூல் அடியில் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ இரும்பு அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போன்ற அடி அது. ஸ்பேனர் வழுக்குவது, கை பம்பரில் இடிப்பது, சுத்தியல் தவறிப் படுவது எல்லாம் இந்த ரகம். இப்போது 20 கிலோ குலை ஒன்று லோரியிலிருந்து ஒரு மீட்டர் கீழே உருண்டு விழுகிறது என்று வையுங்கள். அது 196 ஜூல். சோதனையைப் போல 39 மடங்கு. 120 வெள்ளிக் கையுறையும் அதற்கு ஈடு கொடுக்காது. லோரியின் பின்கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் மாட்டினாலும் அப்படித்தான். இடிக்கும் அடியைத்தான் கையுறை குறைக்கும், நசுக்கும் பாரத்தை ஒன்றும் செய்யாது. பின்கதவில் இரண்டு முழக் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இறக்கப் பழக்குங்கள். ஐந்து வெள்ளிக் கயிறு அந்த இடத்தில் எந்தக் கையுறையையும்விட மேல்.

அப்படியானால் விலைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் உண்டா? ஓரளவுக்கு உண்டு. ஆனால் நான் விலைச்சீட்டைப் பார்க்கமாட்டேன், கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பார்ப்பேன். கேடயத்துக்குள் சுத்தியல் படம், கீழே சில எண்களும் எழுத்துகளும். இது ஐரோப்பியத் தரமான ஈஎன் (EN) 388. முதல் நான்கு இடங்களும் உராய்வு, வெட்டு, கிழிசல், குத்து என்ற வரிசை. ஐந்தாவதாக ‘ஏ’ (A) முதல் ‘எஃப்’ (F) வரை ஓர் எழுத்து வரும், அது இன்னொரு முறையில் செய்த வெட்டுச் சோதனை. எழுத்து தள்ளிப் போகப் போக வெட்டைத் தாங்கும் திறன் கூடும். எங்காவது ‘எக்ஸ்’ (X) இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை அல்லது அந்தக் கையுறைக்குப் பொருந்தாது என்று அர்த்தம்.

நீங்கள் தேட வேண்டியது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் ‘பி’ (P) என்ற எழுத்தை. அடிச் சோதனையில் தேறியது என்பதற்கு அதுதான் அடையாளம். அதுவும் இல்லை, கீழே நான் சொல்லும் அமெரிக்க முத்திரையும் இல்லையென்றால், மேலே ரப்பர் எவ்வளவு தடியாக இருந்தாலும், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், அது அழகுக்கு ஒட்டிய ரப்பர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 18 வெள்ளிக் கையுறையில் ‘பி’ இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் தாராளமாக வாங்கலாம். 120 வெள்ளியில் இரண்டு முத்திரையும் இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய முறையில் விரல்முட்டியை மட்டும்தான் அடித்துப் பார்க்கிறார்கள். விரலின் மேல் ஓடும் ரப்பர்ப் பட்டையைச் சோதிப்பதில்லை. 2019இல் அமெரிக்காவில் வந்த ஆன்சி (ANSI) 138 என்ற தரம் முட்டியோடு விரல்களையும் கட்டைவிரலையும் சேர்த்து அடித்துப் பார்த்து 1, 2, 3 என்று நிலை கொடுக்கிறது. அதே 5 ஜூல் அடிதான். ரப்பரைத் தாண்டி உள்ளே எவ்வளவு விசை போய்ச் சேர்கிறது என்று அளக்கிறார்கள். விசையை அளக்கும் அலகு கிலோநியூட்டன்; சராசரி 9 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் நிலை 1, 6.5க்குள் இருந்தால் நிலை 2, 4க்குள் இருந்தால் நிலை 3. முட்டி நன்றாகத் தேறி விரல் சுமாராகத் தேறினால், சுமாரான நிலையைத்தான் கையுறைக்குக் கொடுப்பார்கள். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஐரோப்பிய ‘பி’க்கு 7 கிலோநியூட்டன்தான் சராசரி வரம்பு, அதில் நிலை பிரிப்பதும் இல்லை. ரிப்பேர் வேலைக்கு ஆன்சி நிலை 2 கிடைத்தால் எடுங்கள். நிலை 3 பெரும்பாலும் கனத்த ரப்பரோடு வரும், சின்ன நட்டைப் பிடிக்க முடியாமல் ஆள் கழற்றிவிடுவான்.

சரி, கழற்றுவதைப் பற்றி. வெக்கை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை பாதிப் பேர் கழற்றுவதற்குக் காரணம் அளவு சரியில்லாததுதான். ஓர் அளவு நாடாவை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளவெடுங்கள். எத்தனை அங்குலமோ அதுதான் கையுறையின் எண். 8 அங்குலம் என்றால் 8, 9 என்றால் 9. ஐந்து பேருக்கும் தனித்தனியாக அளவெடுத்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் 10 மட்டும் இருக்கிறது என்று தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். பெரிய கையுறையில் ரப்பர் முட்டிக்கு மேல் நிற்காது, பக்கத்தில் சரிந்துவிடும். அடி வெறும் துணியில்தான் விழும்.

முடிந்தால் ஆட்களையே கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டி, முஷ்டியை இறுக்கி மடக்கச் சொல்லுங்கள். மடக்கிய நிலையில் ரப்பர் முட்டியின் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பேனரைப் பிடிக்கும் கை எப்போதும் மடங்கித்தான் இருக்கும். விரலை விரித்து வைத்துப் பார்த்து வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்புறம் ஒரு நட்டை மேசையில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று தடவை முயன்றும் எடுக்க முடியவில்லையா, அந்தக் கையுறை மத்தியானத்துக்குள் லோரி சீட்டுக்கு அடியில் கிடக்கும். மேல்துணி வலைபோல் இருந்தால் காற்று போகும். ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுங்கள். வியர்த்து நனைந்ததை நிழலில் காயப்போட்டுவிட்டு மற்றதை மாட்டலாம். ஈரக் கையுறைக்குள் மறுநாள் காலையில் கையை விட யாருக்கும் மனம் வராது.

உள்ளங்கைப் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நம்முடையது எண்ணெய் வேலை. கிரீஸ், டீசல், பழத்தின் எண்ணெய் எல்லாம் கையில் ஒட்டும். இயற்கை ரப்பர் பூச்சு எண்ணெயில் ஊறி உப்பிப் பிசுபிசுத்துப் போகும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூச்சுத் தாங்கும். நம் ஊரே பால்மரத்தால் பிழைத்த ஊர், எனக்கும் ரப்பரைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் இந்த வேலைக்கு நைட்ரைல்தான். மணல் தூவியது போல் சொரசொரப்பான பூச்சாக இருந்தால் எண்ணெயிலும் பிடி நிற்கும். ஸ்பேனர் வழுக்காமல் இருப்பதே முட்டிக்கு முதல் பாதுகாப்பு.

செம்பனை முள் வேறு சமாச்சாரம். ஈஎன் 388இன் குத்துச் சோதனையில் தடித்த ஆணி போன்ற கம்பியை அழுத்திப் பார்க்கிறார்கள். மட்டை முள்ளும் குலை முள்ளும் அதைவிட மெல்லியவை. குத்துக்கு 4 என்று போட்டிருந்தாலும் முள் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அதனால் ஒரே கையுறையை எல்லா வேலைக்கும் தேடாதீர்கள். குலை ஏற்றுபவர்களுக்குத் தடித்த தோல் அல்லது முழு நைட்ரைல் பூச்சுள்ள, மணிக்கட்டைத் தாண்டி நீளும் கையுறை. குலையைக் கையால் தழுவித் தூக்க விடாதீர்கள், கம்பியால் குத்தித்தான் ஏற்ற வேண்டும். முட்டி ரப்பர் வைத்தது ரிப்பேர் பார்ப்பவர்களுக்கும் பின்கதவையும் சங்கிலியையும் கையாளுபவருக்கும் போதும். இப்படிப் பிரித்தால் செலவும் அடங்கும்.

முள் உள்ளே உடைந்து மூட்டு வீங்கினால் வீட்டில் ஊசி வைத்துக் கிளறாதீர்கள். கிளினிக்குக்குப் போய் “செம்பனை முள் குத்தியது” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் எடுத்துத்தான் தேடுவார்கள்.

கையுறை போடவே கூடாத இடமும் உண்டு. டிரெக்டரின் பின்னால் மற்றக் கருவிகளை ஓட்டச் சுழலும் பி.டி.ஓ. (PTO) தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், வினாடிக்கு 9. கையுறையின் நுனி அதில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. துளைபோடும் மெஷின், ஓடும் பெல்ட் எல்லாம் இதே கணக்கு. எஞ்சினை நிறுத்து, சாவியை எடுத்துப் பையில் போடு, அப்புறம் கை வை. இந்த ஒழுங்கு உங்கள் பட்டறையில் இல்லையென்றால் கையுறை வாங்கும் முன் இதை ஆரம்பியுங்கள். ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று கையுறையோடு தடவிப் பார்ப்பதும் வேண்டாம். ஊசித்துளையில் பீய்ச்சும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் அன்றே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கல்யாண மோதிரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். அடிபட்டு விரல் வீங்கினால் கையுறைக்குள் மோதிரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றைக் கையுறையின் பட்டைக்குள் செருகிவிட்டால் போதும்.

ரப்பர் வெடித்தாலோ, தையல் விட்டு ஒரு பக்கம் தூக்கினாலோ, அழுத்தினால் பழையபடி எழும்பாமல் கட்டைபோல் ஆனாலோ மாற்றிவிடுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

கடைசியாக, தையல் போட்ட அந்தப் பையனைப் பற்றி. அவனை மேசையில் உள்ளங்கையைப் பதித்து, அடிபட்ட விரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். மற்ற கையின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூக்க முடியவில்லை, அல்லது விரல் தொங்குகிறது என்றால் உள்ளே நரம்புக்கயிறு அறுந்திருக்கலாம். தையல் ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் இந்த வாரமே ஆஸ்பத்திரியில் கை மருத்துவரிடம் காட்டுங்கள். வேலையில் பட்ட காயம் என்பதால் அவனுக்குச் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி கட்டியிருக்கிறீர்களா என்றும் பார்த்து, விபத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.