வங்கி வக்கீல் பார்க்கும்போது நமக்குத் தனியாக ஒருவர் எதற்கு?

கேள்வி: திருச்சி மாநகராட்சிக்குள் ஒரு பழைய தனி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். இருவர் பெயரிலும் வாங்கப்போகிறோம், 40 லட்சம் வங்கிக் கடன். 1987-ல் விற்பவரின் அப்பா வாங்கிய வீடு அது. அவர் 2009-ல் இறந்துவிட்டார். 2011-ல் அண்ணன் தம்பி மூன்று பேரும் பாகம் பிரித்துப் பதிவு செய்ததில் இவருக்கு வந்திருக்கிறது. இரண்டு அக்காக்கள் உண்டு, சீர் எல்லாம் அப்போதே செய்தாகிவிட்டது என்கிறார். டோக்கன் அட்வான்ஸாக 50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் 10 லட்சம் கேட்கிறார். புரோக்கர், தனக்குத் தெரிந்த வக்கீல் ஒரே நாளில் ஒபீனியன் (சொத்து பற்றிய சட்டக் கருத்து) கொடுத்துவிடுவார் என்கிறார். வங்கியில், எங்கள் வக்கீலே பார்ப்பார் என்கிறார்கள். மாமனாரோ பத்திர எழுத்தர் போதும் என்கிறார். நாங்கள் தனியாக ஒரு வக்கீல் வைக்க வேண்டுமா? எப்படித் தேடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கட்டாயம் வையுங்கள். அவர் எல்லாவற்றையும் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லும்வரை அந்த 10 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற 'இரண்டு அக்காக்கள்' என்ற இடத்தில்தான் எனக்குக் கண் நின்றது. உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, இந்துக் குடும்பம், அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சமபங்கு. பெண்களுக்குச் சொத்துரிமை 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வந்தது, 2005-ல் மத்தியச் சட்டத்தில் வந்தது என்று பலர் சொல்வார்கள். அந்தத் திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுச் சொத்து சம்பந்தப்பட்டவை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு இருக்கிறது. சீர் செய்ததால், நகை போட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் போகும். அப்பா இறந்தபோது அம்மாவும் இருந்திருந்தால் மொத்தம் ஆறு பங்கு. அதில் இரண்டு, அதாவது வீட்டில் மூன்றில் ஒரு பாகம், அந்த அக்காக்களுடையது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினை அவர்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் குடியேறிய பிறகு அவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் நீங்களும் ஒரு பிரதிவாதி.

இதை யார் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்திர எழுத்தர் கேட்க மாட்டார். நாம் சொல்வதைச் சரியான வாசகத்தில் எழுதித் தருவது அவர் வேலை, அதை நன்றாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர். சார்பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறவர்களும் உண்டு. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே விற்றவருக்கு முழு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது.

வங்கி வக்கீல் அக்காக்களைப் பற்றிக் கேட்கக்கூடும். ஆனால் அவர் கருத்து எழுதுவது வங்கிக்கு. அவர் பாதுகாக்கிற பணம் அந்த 40 லட்சம். உங்கள் 22 லட்சத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. நாளைக்கு வழக்கு வந்தாலும் மாதத் தவணை நிற்காது, உங்கள் சம்பளத்திலிருந்தும் கணவர் சம்பளத்திலிருந்தும் வங்கி வசூலித்துக்கொள்ளும். அவர் கடன் கொடுக்க வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை விட்டு உடனே விலகுங்கள். சரி என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

புரோக்கரின் வக்கீல் வேண்டவே வேண்டாம். என் தங்கை அப்படித்தான் ஒரு வீடு வாங்கினாள். வந்த ஒபீனியன் இரண்டே பக்கம், கடைசியில் 'குறைபாடு எதுவும் இல்லை' என்று ஒரு வரி. இரண்டு வருடம் கழித்து, விற்றவருடைய இறந்துபோன அண்ணனின் மகள்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது. பேசி முடிப்பதற்குள் அவள் கைநகை எல்லாம் போய்விட்டது. அந்த வக்கீலுக்கு மாதம் பத்து வேலை கொடுக்கிறவர் புரோக்கர், என் தங்கை கொடுத்தது ஒன்றே ஒன்று. வியாபாரம் முடிய வேண்டும் என்பதுதான் அங்கே எல்லோருடைய அவசரமும்.

சரி, எப்படித் தேடுவது? இணையத்தில் நட்சத்திரம் பார்த்துத் தேடாதீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் முதலில் வந்து நிற்கிற பெயர் திறமையானவருடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் வழக்கு நடத்துகிறவரைத் தேடுங்கள். பாகப்பிரிவினை வழக்குகளில் நின்று வாதாடியவருக்குத்தான் ஒரு பத்திரம் எந்த இடத்தில் உடையும் என்று தெரியும். அதே பகுதியில் கடந்த சில வருடங்களில் வீடு வாங்கியவர்களிடம் விசாரியுங்கள். 'நல்லவரா' என்று கேட்பதைவிட, 'எந்த வீட்டையாவது வேண்டாம் என்று சொன்னாரா' என்று கேளுங்கள். அப்படிச் சொன்னவர் என்றால் முகவரி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில், விற்பவருக்கோ புரோக்கருக்கோ வேறு ஏதாவது வேலை செய்கிறாரா என்று நேராகவே கேட்டுவிடலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஃபீஸில் என்னென்ன அடக்கம் என்றும் கேளுங்கள்: ஒபீனியன் மட்டுமா, ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் எழுதித் தருவாரா, பதிவு நாளன்று கூட வருவாரா. 62 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5 லட்சத்து 58 ஆயிரம் கட்டப்போகிறீர்கள். வக்கீல் ஃபீஸ் அதன் பக்கத்தில் வைக்கிற தொகையே இல்லை, அதில் பேரம் பேசி அவசர வேலையை வாங்காதீர்கள். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தவறு நடந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகிற வழி இல்லை. பார் கவுன்சிலில் புகார், இல்லையென்றால் சிவில் வழக்கு, இரண்டும் நீண்ட வழி. அதனால் தேர்ந்தெடுக்கும்போதே நேரம் செலவிடுங்கள்.

அப்புறம், வக்கீலுக்கு நாம் கொடுக்கிற காகிதம்தான் கண். ஜெராக்ஸை மட்டும் பார்த்துக் கருத்து எழுதச் சொல்லாதீர்கள். 1987 பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், 2011 பாகப்பிரிவினை எல்லாவற்றின் அசலையும் அவர் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அசல் இல்லை என்று விற்பவர் தயங்கினால், எங்காவது அடமானத்தில் இருக்கலாம். பதிவு செய்யாமல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய பழைய கடன் வில்லங்கச் சான்றில் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில்) வராது.

வில்லங்கச் சான்று என்றதும் எல்லோரும் '30 வருட இ.சி. போட்டாச்சு' என்பார்கள். உங்கள் விஷயத்தில் அது போதாது. இன்றிலிருந்து 30 வருடம் பின்னால் போனால் 1990களின் நடுவில் நிற்போம், அப்பா வாங்கிய 1987 பத்திரமே அதில் வராது. பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம். அங்கிருந்து போடச் சொல்லுங்கள், மூலப்பத்திரம் அதற்கும் முந்தியது என்றால் மீதியை அலுவலகத்தில் கையால் தேடி எடுக்க வேண்டும். மாநகராட்சிப் பகுதி என்பதால் பழைய சர்வே எண் ஒன்று, நகர சர்வே எண் ஒன்று இருக்கும். இரண்டுக்கும் தேட வேண்டும். முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருந்த இடமா என்றும் வக்கீல் பார்ப்பார். இவ்வளவு செய்தாலும் அக்காக்களின் பங்கு எந்த இ.சி.யிலும் தெரியாது. அதற்கு வாரிசுச் சான்று வேண்டும், அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும், அம்மா பிறகு இறந்திருந்தால் அதுவும் வேண்டும்.

ஒபீனியன் வந்ததும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதற்கு மேலே 'கீழ்க்கண்ட ஆவணங்கள் பெறப்படும் பட்சத்தில்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் முடிந்தால்தான் சொத்து சுத்தம். ஒவ்வொன்றையும் வாங்கி வக்கீலிடம் காட்டி, முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். அக்காக்கள் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதா, தம்பிக்கு முதலில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இரண்டில் எதுவானாலும் பதிவு ஆக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய சம்மதக் கடிதம் எதற்கும் உதவாது.

10 லட்சம் கொடுப்பது விற்பனை ஒப்பந்தத்தோடு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வாசகம் அதில் கட்டாயம் இருக்கட்டும். இனி ரொக்கம் வேண்டாம். வீடு விற்கும் பேச்சில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதே அளவு அபராதம் வரலாம், இதைச் சொன்னாலே விற்பவர் வங்கி மூலம் வாங்கச் சம்மதிப்பார். கொடுத்த 50,000-க்கு ரசீது வாங்கி, ஒப்பந்தத்தில் குறிப்பிடச் செய்யுங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், விற்பவர் இந்தியாவிலேயே வசிப்பவர் என்றால், ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவர் கணக்கில் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். வாங்குகிறவர்கள் இருவர் என்பதால் தனித்தனிப் படிவம்.

உங்கள் கணவர் வர முடியாவிட்டால் தோஹாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வாசகத்தை உங்கள் வக்கீல் எழுதி அனுப்பட்டும், அங்கே கிடைக்கிற பொது மாதிரியில் எழுதினால் பதிவு அன்று ஏதாவது ஒரு அதிகாரம் விடுபட்டிருக்கும்.

இப்போதைக்கு விற்பவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அப்பாவின் வாரிசுச் சான்று நகல் வேண்டும், அக்காக்கள் கையெழுத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். உடனே சரி என்கிறாரா, சுற்றி வளைக்கிறாரா என்று கவனித்து, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சான்று வந்ததும் அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள், அங்கிருந்து மேலே பார்ப்போம்.