ரசிகர்கள் உருவாக்கும் கேம்களும் வக்கீல் நோட்டீஸும்: கேள்வி பதில்

கேள்வி: பழைய கேம் ஒன்றை ரசிகனாக மறுஉருவாக்கம் செய்கிறேன். இலவசமாகத்தான் தரப்போகிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரும். காசு வாங்கவில்லை என்பதால் அந்தப் பாத்திரங்களும் இசையும் உங்களுடையவை ஆகிவிடாது. அவற்றிலிருந்து புதிய படைப்பை உருவாக்கும் உரிமை பதிப்புரிமையாளருக்குத்தான். நிண்டெண்டோ கம்பெனியின் 'மெட்ராய்ட் 2' கேமை ரசிகர் ஒருவர் மறுஉருவாக்கிய 'ஏஎம்2ஆர்' 2016 ஆகஸ்டில் வெளிவந்த வேகத்திலேயே நிண்டெண்டோவின் நீக்கக் கோரிக்கையும் வந்தது. அதே மாதம் ரசிகர்கள் செய்த 'போக்கிமான் யுரேனியம்' 15 லட்சம் பதிவிறக்கங்களைத் தாண்டியதாக அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள்; ஒன்பது ஆண்டு உழைப்பு. அதையும் இறக்க வேண்டியதாயிற்று. இரண்டும் இலவசம்தான்.

கேள்வி: நன்கொடை வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: டிரெய்லரை எப்போது வெளியிடலாம்?

பதில்: பாதி வேலையில் வெளியிடவே வேண்டாம். தேதி அறிவித்துப் பரபரப்பைக் கிளப்பினால் அது ரசிகர்களை மட்டும் சென்று சேர்வதில்லை. ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனியின் 'குரோனோ டிரிகர்' கேமை வைத்து ரசிகர்கள் செய்த 'கிரிம்சன் எக்கோஸ்' கிட்டத்தட்ட முடிந்திருந்தது. 2009 மே மாதம், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் ஸ்கொயர் எனிக்ஸின் நோட்டீஸ் வந்தது. 'போக்கிமான் பிரிசம்' என்ற ரசிகர் கேமும் 2016 டிசம்பரில் அதே கதிக்கு ஆளானது. ஆனால் அடக்கி வாசிப்பதும் அனுமதி ஆகாது. நான் மனதார விரும்பும் வழி 'ஃபிரீடம் பிளானட்' போன வழி. சேகா கம்பெனியின் 'சோனிக்'கை வைத்த ரசிகர் கேமாகத் தொடங்கி, சொந்தப் பாத்திரங்களுக்கு மாறி, 2014இல் முறைப்படி விற்பனைக்கு வந்தது.

கேள்வி: சேகா ரசிகர் கேம்களை ஒன்றும் செய்வதில்லையே?

பதில்: ரசிகர் கேம்களில் வளர்ந்தவர்களை அழைத்து 2017இல் 'சோனிக் மேனியா' செய்ததும் சேகாதான், 2011இல் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரீமேக்' என்ற ரசிகர் கேமை நீக்கச் சொன்னதும் சேகாதான்.

கேள்வி: நடவடிக்கை எடுக்காவிட்டால் உரிமையே பறிபோய்விடும். கம்பெனிகளுக்கு வேறு வழியில்லை.

பதில்: இந்த வாதத்தை ஏற்க மாட்டேன். வாளாவிருந்தால் வலுவிழக்கக்கூடியது வணிகச் சின்னம். பதிப்புரிமை மௌனத்தால் காலாவதி ஆவதில்லை.

கேள்வி: போக்கிமான் என்ற பெயரே வணிகச் சின்னம்தானே?

பதில்: ஆம், அதனால்தான் முதலில் பெயரை மாற்றச் சொல்கிறேன். ஆனால் சின்னத்தைக் காக்கக் கேமையே அழிக்க வேண்டியதில்லை, உரிமம் கொடுத்தாலே போதும். 'ஹாஃப்-லைஃப்' கேமை ரசிகர்கள் மறுஉருவாக்கிய 'பிளாக் மெசா'வை விற்கவே அதன் உரிமையாளரான வால்வ் கம்பெனி அனுமதித்தது. அதனால் 'ஹாஃப்-லைஃப்' பெயருக்கு எந்தக் குறையும் வரவில்லை. வேறு வழியில்லை என்பது கம்பெனியின் முடிவை விதியாகக் காட்டும் பேச்சு.

கேள்வி: நான் இலவசமாகத்தான் தருகிறேன், அப்படியும்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்கத் தளத்திலிருந்து என் கேமை நீக்கிவிட்டார்கள். நீக்கியது தவறு என்று தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பட்டுமா?

பதில்: வக்கீலைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் கேம் திரும்ப வரலாம். ஆனால் அந்த அறிவிப்பில், தவறுதலாக நீக்கப்பட்டதாக நம்புகிறேன் என்று, பொய்யானால் தண்டனை உண்டு என்ற நிபந்தனையோடு கையெழுத்திடுகிறீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்கிறீர்கள். வேறு நாட்டில் இருந்தாலும் இதுதான் நிலை.

கேள்வி: இலவசம் என்று முகப்பிலேயே எழுதிவிட்டால்?

பதில்: முதல் பதில்.