துப்பாக்கியோடு ஆர்.வி.யில் எல்லை தாண்டலாமா? – கேள்வி பதில்

கனடா எல்லையை ஒட்டிய வாஷிங்டன் மாநில ஊர் ஒன்றில், சுங்கத் தரகர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் படிவம் நிரப்பிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றபின் மனைவியும் நானும் பழைய மோட்டார் ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்.வி. வண்டி) ஒன்றை வாங்கி, நான்கு முறை அலாஸ்கா போய் வந்தோம். நான் வழக்கறிஞர் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

ஹூஸ்டன்வாசி: ஐயா, ஜூனில் குடும்பத்தோடு அலாஸ்கா போகிறோம். என்னிடம் டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிமம் இருக்கிறது. பூட்டிய பெட்டியில் வைத்து, பாதுகாப்புக்காகக் கனடா வழியாக எடுத்துப் போகலாமா?

முடியாது. தனிநபர் கைத்துப்பாக்கி இறக்குமதியைக் கனடா 2022 ஆகஸ்ட் 19 அன்று நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 21 முதல் உள்நாட்டில் வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும்கூட முடக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன்பு முறையாக அனுமதி வாங்கிக் கடந்து போனவர்கள் உண்டு. அவர்கள் எழுதிய பயணக் குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். டெக்சாஸ் உரிமத்துக்கு அங்கே நூலக அட்டைக்கு உள்ள மதிப்புதான்.

நீளத் துப்பாக்கி வேறு கதை. தடைப் பட்டியலில் இல்லாத சாதாரண வேட்டை ரைஃபிளையும் ஷாட்கன்னையும் 18 வயது நிறைந்தவர் கொண்டுபோகலாம். வெளிநாட்டவருக்கான துப்பாக்கி அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கிறது. மூன்று பிரதிகளாக நிரப்புங்கள், ஆனால் கையெழுத்தை மட்டும் வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். அது சாவடியில் அதிகாரியின் கண்ணெதிரே போட வேண்டியது. கட்டணம் 25 கனடிய டாலர், 60 நாள் செல்லும். ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கி ரைஃபிள் வகையறாக்களை 2020 மே முதல் தேதியே தடை செய்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. “எதற்காகக் கொண்டுவருகிறீர்கள்?” என்று அதிகாரி கேட்பார். நம்மவர்கள் கூசாமல் சொல்லும் பதில் “தற்காப்புக்கு” என்பது. அமெரிக்காவில் அது உரிமை. கனடாச் சாவடியில் அதே சொல் உங்களைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணம். வேட்டை, போட்டி, அலாஸ்காவுக்குக் கடந்து போவது, ஆளரவமற்ற பகுதியில் வனவிலங்கிடமிருந்து காத்துக்கொள்வது, இவைதான் அங்கே ஏற்கப்படும் காரணங்கள். மனிதனுக்கு எதிராகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்காக இல்லாத காரணத்தை ஜோடிக்கவும் வேண்டாம். பையில் வேட்டை உரிமம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

கிளம்புமுன் அமெரிக்கச் சுங்க அலுவலகத்தில் 4457 என்ற படிவத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது “இது என்னுடையதுதான், அங்கே வாங்கியதல்ல” என்று காட்ட அது உதவும்.

கைத்துப்பாக்கி அலாஸ்காவில் கட்டாயம் வேண்டுமென்றால், உங்கள் ஊர் உரிமம் பெற்ற வியாபாரி மூலம் அங்குள்ள வியாபாரிக்கு அனுப்பிவிட்டுப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் சேர்த்து: எல்லைக்கு முந்தைய இரவு டார்ச் விளக்கோடு வண்டியைத் துழாவுங்கள். எங்கள் வண்டி பழையது என்றேன் அல்லவா? முதல் பயணத்தில், கடுகு டப்பா உருண்டு சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் போய்விட்டது. மெத்தையைத் தூக்கிக் கையை விட்டேன். கடுகோடு இரண்டு .22 தோட்டாக்கள் வந்தன. முந்தைய உரிமையாளரின் சொத்து. மறுநாள் காலை எல்லை. ஒரு தோட்டாவும் தோட்டாதான்.

ஃப்ரீமாண்ட், எச்-1பி: அண்ணா, நண்பரிடம் ஷாட்கன் கடன் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளலாமா? மாநிலங்களுக்குள்தான் பயணம்.

தம்பி, எல்லையை மறந்துவிடுங்கள். உங்களுக்குச் சிக்கல் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. குடியேற்ற உரிமையற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர் விசா எல்லாம் அதில் அடக்கம். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. “என்னுடையதல்ல, நண்பருடையது” என்பது காப்பாற்றாது. உங்கள் கைக்கு எட்டும் இடத்தில், உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும், வழக்கு வரும். ஷாட்கன்னுக்கு ஆசைப்பட்டுப் பத்து வருடக் கிரீன் கார்டு வரிசையைத் தொலைக்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சான் டியாகோ: பாஹா கலிஃபோர்னியாவில் கடற்கரை முகாம் போடப் போகிறோம். மெக்சிகோ ஆபத்தான இடம் என்கிறார்கள். துப்பாக்கி இல்லாமல் எப்படி?

இல்லாமல்தான். மெக்சிகோவில் ராணுவ அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ கொண்டுபோவது கூட்டாட்சிக் குற்றம். வேட்டைக்காரர்கள் அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்குகிறார்கள். தற்காப்புக்கென்று சுற்றுலாப் பயணிக்குக் கொடுப்பதில்லை.

2012 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். முன்னாள் மரைன் வீரர் ஒருவர் பழைய மோட்டார் ஹோமில் கோஸ்டா ரிகாவுக்கு அலைச்சறுக்கு விளையாடக் கிளம்பினார். கூடவே கொள்ளுத் தாத்தாவின் பழைய .410 ஷாட்கன். ஒளிக்கவில்லை. அமெரிக்கப் பக்கத்தில் சுங்கப் படிவம் நிரப்பிக் காகிதத்தோடு போய், மடமோரோஸில் மெக்சிகோ அதிகாரிகளிடம் தானே காட்டினார். குழலை அளந்தார்கள். அனுமதிக்கப்பட்ட நீளத்தைவிடக் குறைவு என்று கைது. நான்கு மாதம் சிறை, கட்டிலோடு சங்கிலி. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுத்தபின் டிசம்பர் 21 அன்று வெளியே வந்தார். ஒரு நாட்டின் சுங்கம் கொடுத்த காகிதம் அடுத்த நாட்டின் அனுமதி ஆகாது என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2014இல் இன்னொரு முன்னாள் மரைன், சான் டியாகோவை ஒட்டிய சான் இசிட்ரோ எல்லைச் சாவடியில் வழி தவறி எல்லையைத் தாண்டிவிட்டேன் என்றார். வண்டியில் மூன்று துப்பாக்கிகள். ஏழு மாதம் உள்ளே இருந்தார்.

ஆஸ்டின்: சார், பெட்டியில் பூட்டி வைத்தால் கனடாவுக்குக் கைத்துப்பாக்கி…

முதல் பதில்.

பீனிக்ஸ், முழுநேர ஆர்.வி. வாசி: நான் வீட்டை விற்றுவிட்டு மூன்று வருடமாக ஆர்.வி.யிலேயே குடியிருக்கிறேன். என் தபால் முதல் பூஜையறை வரை அதில்தான். ஆகவே அது வீடு. வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்க அரசியல் சட்டம் உரிமை தருகிறது. வாரண்ட் இல்லாமல் எவனும் கதவைத் திறக்க முடியாது. நீங்கள் தேவையில்லாமல் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள்.

பூஜையறை உள்ள வண்டியும் வண்டிதான். இதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985இல் தீர்த்துவைத்துவிட்டது. கலிஃபோர்னியா எதிர் கார்னி. சான் டியாகோ நகர நடுவில் நிறுத்தியிருந்த ஒரு டாட்ஜ் மினி மோட்டார் ஹோமை வாரண்ட் இல்லாமல் சோதித்தார்கள். உள்ளே கஞ்சா. ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சோதனை செல்லும் என்றது நீதிமன்றம். சாவியைத் திருகினால் ஓடிவிடும், சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்டது, ஆகவே வாகனம் என்பதுதான் தர்க்கம்.

பீனிக்ஸ்: அதே தீர்ப்பின் அடிக்குறிப்பைப் படித்தீர்களா? கட்டைமேல் ஏற்றி வைத்த, தண்ணீர் மின்சார இணைப்புக் கொடுத்த வண்டி பற்றி முடிவு சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

படித்திருக்கிறேன், நல்ல கேள்விதான். சக்கரம் கழற்றி, இணைப்புக் கொடுத்து, சாலைக்கு எளிதில் ஏறமுடியாதபடி நிற்கும் வண்டிக்கு உங்கள் வாதம் பேசிப் பார்க்கத் தகுந்தது. ஆனால் நீங்கள் எல்லைச் சாவடிக்கு எப்படி வருவீர்கள்? கட்டைமேல் நின்றுகொண்டா? ஓட்டிக்கொண்டு வந்த கணமே அது வாகனம். எல்லையிலோ வீட்டு வாதம் கொஞ்சமும் எடுபடாது. அங்கே சோதிக்க வாரண்டே தேவையில்லை, இரு பக்கமும்.

மின்னசோட்டா: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாநிலங்களுக்கு நடுவே போகும்போது 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் அல்லவா? பீனிக்ஸ்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறதே.

பாதி இருக்கிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை, நடுவிலுள்ள மாநிலம் வழியாக எடுத்துப் போக அந்தச் சட்டம் இடம் தருகிறது. தோட்டா ஏற்றாமல், கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். ஆர்.வி.யில் டிக்கி தனியாக இல்லையா? அப்படியானால் பூட்டிய பெட்டி. டாஷ்போர்டு அறையும் இருக்கை நடுவிலுள்ள பெட்டியும் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு “பயணத்தில் இருக்கிறேன்” என்று சொல்ல முடியாது.

சிக்கல் ராத்தங்கலில் வருகிறது. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன விமானப் பயணி ஒருவர், இணைப்பு விமானம் தவறி நியூஜெர்சியில் மாட்டிக்கொண்டார். பெட்டி கைக்கு வந்தது, ஓட்டலில் தங்கினார், மறுநாள் விமான நிலையத்தில் கைது. இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில், பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.வி. பயணமே ராத்தங்கல்தானே. நியூஜெர்சி, நியூயார்க் வழியாகப் போகிறவர்கள் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நிற்காமல் கடந்துவிடுங்கள்.

பீனிக்ஸ்: உங்களைப் போல் பயந்தால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

நீங்கள்தான் வீட்டை விற்றுவிட்டீர்களே. இந்த விவகாரம் இத்தோடு போதும். வேறு கேள்விக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

சியாட்டில்: பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்கா படகில் ஏறிவிட்டால் கனடாவே வராது, கைத்துப்பாக்கியும் பிரச்சினை இல்லை. சரிதானே?

பாதி சரி, பாதி பள்ளம். கெட்சிகன், ஜூனோ போன்ற அலாஸ்காக் கரையோர ஊர்களோடு முடித்துக்கொண்டால் சரி. துப்பாக்கி இருப்பதைப் படகில் சொல்லிவிட வேண்டும். ஆனால் பலர் ஹெய்ன்ஸில் இறங்கி ஃபேர்பேங்க்ஸ் நோக்கி ஓட்டுகிறார்கள். அந்தச் சாலை பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள்ளும் யூகானுக்குள்ளும் நுழைந்துதான் அலாஸ்காவுக்குத் திரும்புகிறது. படகுக்கு அத்தனை டாலர் கொடுத்துவிட்டுக் கடைசியில் அதே கனடாச் சாவடி! அலாஸ்காவின் விட்டியர் துறைமுகம் வரை போகும் படகு கிடைத்தால் மட்டுமே முழுத் தப்பித்தல், அது எல்லா வாரமும் ஓடுவதில்லை.

நியூஜெர்சி, இல்லத்தரசி: என் கைப்பையில் மிளகு ஸ்ப்ரே இருக்கும். அதாவது பரவாயில்லையா அண்ணா?

இல்லை அம்மா. மனிதர்மேல் அடிப்பதற்கென்று செய்த மிளகு ஸ்ப்ரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கரடி ஸ்ப்ரே என்று உறையில் அச்சிட்டது போகலாம், கேட்டால் சொல்லிவிடுங்கள். பெண்கள் பலர் மறந்துபோய் மாட்டிக்கொள்வது இதில்தான். டார்ச் விளக்குச் சோதனையில் கைப்பையையும் சேருங்கள்.

டென்வர்: கரடிக்கு ஸ்ப்ரே எல்லாம் எடுபடுமா? சமையலுக்கு மசாலா தூவுவதுபோல் ஆகிவிடாதா?

சிரித்தேன். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை அலசிய ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. பழுப்புக் கரடியிடம் பயன்படுத்திய சம்பவங்களில் நூற்றுக்கு 92இல் அதன் சேட்டையை நிறுத்தியிருக்கிறது. துப்பாக்கியில் நடுங்கும் கையோடு குறிபார்க்க வேண்டும். ஸ்ப்ரே மேகமாகப் பரவும். ஒரே எச்சரிக்கை: வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். டப்பா வெடித்தால் வண்டிக்குள் ஒரு வாரம் மூச்சுவிட முடியாது. நாங்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு நிழல் பக்கம் வைக்கிறோம்.

டெட்ராய்ட்: வழி தவறிப் பாலத்தில் ஏறிவிட்டால்?

உங்கள் ஊரில் அது நடக்கிற கதைதான். கனடாவுக்குப் போகும் அம்பாசடர் பாலத்துக்கான பாதையில் விழுந்துவிட்டால் திரும்ப இடமில்லை. முதல் சாவடியில் முதல் வாக்கியமாகவே “தவறி வந்துவிட்டேன், வண்டியில் துப்பாக்கி இருக்கிறது” என்று சொல்லுங்கள். தானாகச் சொன்னவரைத் திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. அவர்களே கண்டெடுத்தால் துப்பாக்கி பறிமுதல், வண்டியும் போகலாம், வழக்கும் வரலாம்.

அட்லாண்டா: பத்து வருடத்துக்கு முன் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஒன்று உண்டு. அது துப்பாக்கிக்குத் தடையா?

துப்பாக்கியைப் பிறகு பார்ப்போம், உங்களையே உள்ளே விடுவார்களா பாருங்கள். 2018 டிசம்பரில் கனடா அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக்கியபின், அது கடுங்குற்றமாகக் கருதப்படுகிறது. முன் அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சார்லட்: கனடாவுக்குக் கைத்துப்பாக்கியைப் பிரித்து, பாகம் பாகமாக…

சட்டகமே துப்பாக்கியாகக் கணக்கு. பிரித்து ஒளித்தால் மறதி என்றுகூடச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வி இனி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

சான் டியாகோ, மறுபடியும்: நீங்கள் சொன்னபடி நேற்று இரவு தேடினேன். ஓட்டுநர் இருக்கைத் தண்டவாளத்தில் ஒரு தோட்டா உறை, காலி. சுட்டு முடித்தது. இதற்கும் மெக்சிகோவில் ஆபத்தா?

ஆம். சுட்டு முடித்த உறையையும் கொண்டுவராதே என்றுதான் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிவுரையே சொல்கிறது. எடுத்துக் குப்பையில் போடுங்கள். பக்கத்து இருக்கையின் தண்டவாளத்தைப் பார்த்தீர்களா?