சாடி மண்ணுக்கு டொலமைட்டா, ஜிப்சமா, வெற்றிலைச் சுண்ணாம்பா?

கேள்வி: ஹட்டன் பக்கம் இருக்கிறோம். இயற்கை முறையில் சாடியில் தக்காளி, மிளகாய் வைக்கப் போகிறேன். கல்சியத்துக்கு மண்ணில் எதைக் கலப்பது?

வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் தொடாதீர்கள். நான் தொட்டேன். "கல்சியம்தானே" என்று அம்மாயியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்து மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றினேன். மூன்றே நாளில் எல்லாம் கருகிவிட்டன. நீற்றிய சுண்ணாம்பின் காரம் வேரைச் சுட்டுவிடும். அம்மாயி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

முதலில் உங்கள் கலவையில் என்ன மண் என்று பாருங்கள். தேயிலை மலை மண் என்றால் புளிப்பு மண்தான். நம்ம ஊர் மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் அலசிக்கொண்டு போய்விடுகிறது. வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால் அதுவே சாட்சி. புளிப்புக் குறைந்த மண்ணில் அது ரோஸ் நிறமாகப் பூக்கும். தேயிலைக்கு பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை போதும், தக்காளிக்கோ 6க்கு மேல் வேண்டும். அப்படிப்பட்ட மண்ணுக்கு டொலமைட்தான். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்தை (செடியை வெட்டிவிடுவதை) ஒட்டி மலைக்குப் போடுவார்களே, அதே தூள். மாத்தளை, திகண பக்கம் வெட்டியெடுக்கிற கல். புளிப்பைக் குறைக்கும், கல்சியத்தோடு மக்னீசியமும் தரும். 10 லீட்டர் வாளி மண்ணுக்கு இரண்டு மேசைக்கரண்டி நான் போடுவது. கலந்து, ஈரமாக வைத்து, மூன்று கிழமை கழித்துத்தான் நடுவேன். மெதுவாக வேலை செய்கிற சாமான் அது. பச்சைக் கோழி எருவோடு சேர்த்துக் கலக்காதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்த கலவை வேறு கதை. அது அவ்வளவு புளிப்பில்லை. ஆனால் போடுகிற கல்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் உப்பையும் வெளியே விடும். அதற்கு ஜிப்சம் நல்லது. பிஎச்சை ஏற்றாமல் கல்சியமும் கந்தகமும் கொடுக்கும். வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். இயற்கை முறை என்பதால் சுரங்கத்தில் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஜிப்சம்தானே என்று சீலிங் பலகைத் துண்டை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம்.

எப்பாவல ரொக் பொஸ்பேட்டிலும் (எப்பாவலயில் வெட்டியெடுக்கிற பொஸ்பேட் பாறைத் தூள்) கல்சியம் உண்டு, ஆனாலும் அதைப் பொஸ்பரசுக்காக மட்டும் போடுங்கள். அது கரைய மண்ணில் புளிப்பு வேண்டும். டொலமைட்டையும் கூடவே கொட்டினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். முட்டைக்கோதை மாவாக அரைத்தால்தான் பிரயோசனம். கையால் நொறுக்கிப் போட்டால் அடுத்த வருஷமும் அப்படியே கிடக்கும்.

சில கடைகளில் எல்லா வெள்ளைத் தூளும் ஒரே மாதிரிப் பையில் இருக்கும். ஒரு சிட்டிகையில் வினாகிரி விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூள் உடனே நுரைக்கும், டொலமைட் சோம்பலாக நுரைக்கும், ஜிப்சம் சும்மா கிடக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு தக்காளியின் அடி கறுத்தால், மறுபடி டொலமைட் பையைத் தேடாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் கல்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. என் சாடிகளில் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருந்தது.