ஆயில் ஊற்றும் முன் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் நெடுநாளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கார் பிரேக்கில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஒரு வாரமாகப் பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது. ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு ஓட்டிவரலாமா?

வேண்டாம். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயிலைப்போல எரிந்து குறைவதில்லை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் தேயத் தேய, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. நீங்கள் ஊற்றியதில் அந்தத் தடயம் அழிந்தது. மட்டத்தில் இப்போதே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். கீழே நழுவிக்கொண்டே போனால், வெளியே சொட்டுத் தெரியாவிட்டாலும் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மிதிக்க மிதிக்க உயர்வதற்குக் குழாயில் காற்று புகுந்ததோ, பின் சக்கர டிரம்மில் இடைவெளி கூடியதோ காரணமாக இருக்கலாம். பிறகு டார்ச்சை எடுத்து நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். போன மாதம் ஒரு வண்டியில் பின் சக்கரத்தின் உள்ளே புழுதி ஈரக் களிம்பாக அப்பியிருந்தது. டிரம்மைக் கழற்றினால் அதன் உள்ளே உரசும் லைனிங் ஆயிலில் ஊறி, விரல் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. அதைத் துடைத்துத் திரும்ப மாட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

உவரி: காலையில் முதலில் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம். நாலைந்து தடவையில் போய்விடுகிறது.

கடற்கரை ஊர், உப்புக் காற்று. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால் ஒரே இரவில் மேல்துரு படியும். பயப்பட வேண்டாம். கீச்சுச் சத்தம் நாள் முழுக்க நீடித்தால் பிரேக் பேடின் கனத்தை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

களக்காடு: ஆயில் குறைந்தால் எவ்வளவு ஊற்றலாம்?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அம்பாசமுத்திரம்: மாஞ்சோலை மலையிலிருந்து நியூட்ரலில் போட்டுப் பிரேக் பிடித்தபடியே இறங்கினேன். பாதியில் கருகல் வாடை, பெடல் பொதபொதவென்று ஆனது. ஆறியதும் சரியாகிவிட்டது. என்ன பழுது?

இறங்கிய விதம்தான் பழுது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்த அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் ஆவியைத்தான் அழுத்தும். ஆயிலை மாற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. பேட், டிஸ்க் இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சங்கரன்கோவில்: நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் அண்ணாச்சி. எங்கள் அப்பா அம்பாசடரில் அப்படித்தான் இறங்குவார்.

அது கார்புரேட்டர் காலம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கிறது.

சங்கரன்கோவில்: அப்படியானால் எஞ்சினையே அணைத்துவிட்டால்?

உங்கள் வாசலில், சமதரையில், எஞ்சினை அணைத்துவிட்டு நாலு முறை மிதித்துப் பாருங்கள். மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல். மலையில் ஸ்டியரிங்கும் இறுகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். அப்பாவின் திறமையை நான் குறை சொல்லவில்லை. இந்த வாதம் இத்தோடு போதும்.

மேலப்பாளையம்: வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

டிஸ்க்கின் கனம் சீராக இருக்காது. அளந்து பார்க்காமல் பேடை மட்டும் மாற்றினால் பணம் வீண்.

பேட்டை: அவசரத்துக்குப் பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. சீல்களெல்லாம் ஊதிப்போகும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வண்டியைத் தொடாதீர்கள்.

நாங்குநேரி: பைக்கில் பின் பிரேக்...

பைக் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

திசையன்விளை: டப்பாவில் ஆயில் லேசாகக் குறைந்திருக்கிறது, ஊற்றி...

தம்பி, முதல் பதில்.

வள்ளியூர்: அண்ணாச்சி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பின் சக்கரத்தின் உள்ளே ஈரம். கோட்டுக்குக் கீழே மட்டமும் இறங்கிவிட்டது.

சாவியை ஆணியில் மாட்டுங்கள். மெக்கானிக் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.