குழு கலைந்தது, பாட்டு யாருக்கு?

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு ராக் குழு கலைந்துபோன பிறகு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஒரு தட்டு வருகிறது. உள்ளே எல்லாம் பழைய பாட்டு. எல்லா ஆல்பமும் ஏற்கனவே வைத்திருப்பவன் எதற்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டும்? இதைக் கேட்டால் என் தம்பி சண்டைக்கு வருகிறான்.
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பியோடு சமாதானமாகப் போங்கள், பாதி நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்ட தொகுப்பை வெளியிடுவது பெரும்பாலும் ஒலிப்பதிவைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனம். குழு இருக்கும்வரை அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருப்பார்கள். கலைந்துவிட்டால் விற்பதற்குக் கையில் இருப்பது பழைய மாஸ்டர்கள், அதாவது மூல ஒலிப்பதிவுகள்தான். ஸ்டூடியோ வாடகை இல்லை, பாடகரின் கோபதாபம் இல்லை, செய்தித்தாளில் பிரிவுச் செய்தியே விளம்பரம். ஓயாசிஸ் 2009 ஆகஸ்டில் உடைந்தது; 2010 ஜூனில் அவர்களுடைய சிங்கிள்கள் (தனித்தனியாக வெளிவந்த பாட்டுகள்) ஒரே தொகுப்பாகக் கடைக்கு வந்துவிட்டன. பீட்டில்ஸ் பிரிந்தது 1970இல். ரசிகர்கள் 'சிவப்பு', 'நீலம்' என்று சொல்லும் இரண்டு இரட்டைத் தட்டுகளும் 1973இல் வந்தன. அமெரிக்காவில் பகிரங்கமாக விளம்பரம் செய்து விற்ற ஒரு திருட்டுத் தொகுப்பும் அவை வெளிவர ஒரு காரணம்.

வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு எங்கள் அளவுகோல் இரண்டுதான். முதலாவது, வேறு வேறு நிறுவனங்களில் சிதறிக் கிடந்த பாட்டுகள் முதல்முறையாக ஒன்றுசேர்ந்திருக்கின்றனவா? ஆர்.ஈ.எம். குழு 2011 செப்டம்பரில் பிரிவதாக அறிவித்து, நவம்பரிலேயே 40 பாட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அவர்கள் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தில் இருந்த காலத்துப் பாட்டும் வார்னர் நிறுவனக் காலத்துப் பாட்டும் ஒரே தொகுப்பில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. போதாததற்குப் புதுப் பாட்டு மூன்று. அது காசுக்குத் தகும்.

இரண்டாவது, வேறெங்கும் கிடைக்காத பாட்டு இருக்கிறதா? நிர்வாணாவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பில் 14 பாட்டுகள். அதில் ஒன்று 1994 ஜனவரியில் பதிவாகி, எட்டு வருடம் வெளிவராமல் கிடந்தது. குழுவில் மிஞ்சிய இருவருக்கும் மறைந்த பாடகர் கர்ட் கோபெயினின் மனைவிக்கும் நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. அந்த ஒரு பாட்டுக்காகத் தட்டு வாங்கியவர்கள் ஏராளம். இரண்டும் இல்லாத தொகுப்பு என்றால், நீங்கள் சொல்வதுதான் சரி.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தமிழில் ராக் பாடினோம். 1994இல் ஒரு கேசட் வந்தது, பிறகு ஆளுக்கொரு திசை. பாட்டுகளை எழுதிய கிட்டார்காரர் 2015இல் தவறிவிட்டார். கேசட் போட்ட கம்பெனியும் மூடியாகிவிட்டது. இப்போது பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட நினைக்கிறோம். அதில் ஒன்று பழைய சினிமாப் பாட்டை நாங்கள் ராக் பாணியில் பாடியது. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'பாட்டு' என்று எழுதுங்கள்: மெட்டும் வரிகளும். வலப்பக்கம் 'மாஸ்டர்': அன்று அந்த ஸ்டூடியோவில் பதிவான ஒலி. இவை இரண்டு தனித்தனிச் சொத்து. ஒன்று கையில் இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது. க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவைப் பாருங்கள். 1972இல் கலைந்தது. 1976இல் ஃபேன்டசி நிறுவனம் வெளியிட்ட 20 பாட்டுத் தொகுப்பு இன்றுவரை விற்கிறது. பாட்டுகளை எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டிக்குப் பாட்டு உரிமையின் பெரும்பங்கு திரும்பக் கிடைத்தது 2023இல்தான். மாஸ்டர் அப்போதும் நிறுவனத்திடமே இருந்தது. அதனால் தன் பாட்டுகளையே மறுபடி பாடிப் பதிவுசெய்து 2025இல் வெளியிட்டார்.

இனி உங்கள் தாளுக்கு வருவோம். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் கணக்கு. பாட்டுக்கு, எழுதியவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டும் பாதுகாப்பு. உங்கள் நண்பர் 2015இல் இறந்ததால் அவர் தனியாக எழுதியவை 2065 முடியும்வரை அவருடைய வாரிசுகளுக்கு. இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருந்தால், இருவரில் கடைசியாகப் போகிறவரிலிருந்து கணக்கு. ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு. 1994 கேசட் என்றால் 2044 முடியும்வரை. 'முப்பது வருஷமாச்சு, இனி யார் கேட்கப் போகிறார்கள்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வாரிசு என்று யார் கையெழுத்துப் போடுவது? உயில் இருந்தால் ப்ரொபேட் (உயிலை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை), இல்லாவிட்டால் லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம்). அதில் பெயர் உள்ளவர்தான் போட வேண்டும். அண்ணி 'தாராளமாகச் செய்யுங்கள் தம்பி' என்று போனில் சொன்னது பாசம், அது பத்திரமாகாது. நண்பர், பாட்டு எழுதுபவர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராக இருந்தாரா என்றும் விசாரியுங்கள். இருந்திருந்தால் பாட்டுக்கான உரிமப் பேச்சு அங்கிருந்து தொடங்கும், குடும்பத்துக்கு வராமல் தேங்கிய பணம் இருந்தாலும் தெரிந்துவிடும்.

மாஸ்டர் விஷயத்தில், ஒலிப்பதிவு நடக்க ஏற்பாடு செய்தவரைத்தான் சட்டம் அதன் ஆக்கியோனாகக் கொள்கிறது. ஸ்டூடியோ ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று தேடுங்கள். நீங்கள் ஐவரும் காசு போட்டுப் பதிவுசெய்து, விற்பனைக்கு மட்டும் கம்பெனியிடம் கொடுத்திருந்தால் மாஸ்டர் உங்களுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. ஆகவே பழைய ஒப்பந்தத்தில் 'மாற்றிக்கொடுக்கிறோம்' என்று இருக்கிறதா, 'இத்தனை வருடத்துக்கு வெளியிடலாம்' என்று இருக்கிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மொத்த வழக்கும் அந்த ஒரு வினைச்சொல்லில் நிற்கும்.

கம்பெனியே செலவு செய்திருந்தால், மூடியதோடு உரிமை ஆவியாகிவிடாது. கம்பெனிகளைப் பதிவுசெய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் கட்டணம் கட்டி அந்தக் கம்பெனியின் விவரத்தை எடுங்கள். இயக்குநர்கள் யார், முறையாகக் கலைக்கப்பட்டதா, பெயர் நீக்கப்பட்டதா என்பது தெரியும். வேறொருவர் அதன் பாட்டுப் பட்டியலை மொத்தமாக வாங்கியிருந்தால் அவரிடம்தான் பேச வேண்டும். பேசும்போது 'மாஸ்டரைத் திருப்பிக் கொடுங்கள்' என்று ஆரம்பித்தால் கதவு மூடும். 'ஐந்து வருடத்துக்கு, இந்தப் பத்துப் பாட்டுக்கு மட்டும் உரிமம்' என்று கேளுங்கள். தூங்கிக் கிடக்கும் சொத்துக்கு யாரோ வாடகை தருகிறார்கள் என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

சினிமாப் பாட்டின் மெட்டு உங்களுடையது இல்லை. அதற்குத் தனி உரிமம் வேண்டும், அது படத்தின் இசை உரிமையை வைத்திருப்பவரிடமிருந்து வர வேண்டும். தாமதமானால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு ஒன்பதோடு வெளியிடுங்கள். ஒரு பாட்டுக்காக முழுத் தட்டும் தடைப்பட வேண்டாம்.

பணத்தைப் பிரிப்பதிலும் இதே கோடுதான். முதலில் செலவைக் கழியுங்கள். பாட்டுப் பங்கு எழுதியவரின் குடும்பத்துக்கு. மாஸ்டர் பங்கு ஐந்தாகப் பிரியட்டும், கிட்டார்காரரின் ஐந்தில் ஒன்றும் அந்தக் குடும்பத்துக்கே. இடையில் ஒரு வருடம் வந்துபோன டிரம்மர் இருந்தால், அவர் வாசித்த பாட்டுகளுக்கு மட்டும் பங்கு என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். குழுவின் பெயரை இனி யார் பயன்படுத்தலாம் என்பதையும் அதே தாளில் சேருங்கள். நால்வரும் வாரிசும் கையெழுத்திட்ட பிறகு ஸ்டூடியோ பக்கம் போகலாம்.

கேள்வி: எங்கள் குழுவின் ரீல் டேப் இரண்டு வீட்டில் இருக்கிறது. கால் அங்குலம், டப்பாவில் ஆம்பெக்ஸ் 456 என்று போட்டிருக்கிறது. மெஷினில் ஓடவிட்டால் கீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது. ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். கேலி செய்கிறாரா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: கேலி இல்லை. ஆனால் வீட்டு ஓவனில் வைத்தால் கேலியாகிவிடும்.

அந்த வகை டேப்பில் காந்தத் துகளை நாடாவோடு ஒட்டவைத்திருக்கும் பசை, வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகிறது. பினாங்குக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓடும்போது பசை ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் மெஷின் பாகத்தில்) பழுப்பு நிறத்தில் அப்பிக்கொள்ளும், அதுதான் கத்துகிறது. அந்தப் பழுப்பு உங்கள் பாட்டு. ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்கும்போதும் கொஞ்சம் உரிந்து போகிறது. உடனே நிறுத்துங்கள்.

முதலில் ரீலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்னும் பழைய வகை டேப், அதைச் சூடாக்கவே கூடாது. 456 அசிடேட் இல்லை, ஆனால் டப்பா மாறியிருக்கலாம். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. முகமூடி போட்டுக்கொண்டு வேறொரு இடத்தில் சுத்தம் செய்ய வேண்டும், அப்படியே ஓட்டினால் மெஷினுக்கும் தொற்றும்.

சூடாக்குவது 54 டிகிரி செல்சியஸில், கால் அங்குல டேப்புக்குச் சுமார் 8 மணி நேரம். நான்காவது மணியில் ரீலைத் திருப்பிப் போட வேண்டும். சமையல் ஓவனின் சூடு ஏறி இறங்கும். 54 என்று திருகினால் 70ஐத் தொட்டுவிட்டு வரும், பிளாஸ்டிக் ரீல் வளைந்துவிடும். பழம் உலர்த்தும் மின்சாதனம் அல்லது ஆய்வகச் சூட்டுப்பெட்டி நல்லது, உள்ளே தனி வெப்பமானி ஒன்று கட்டாயம். சூடாக்கிய நேரம் அளவுக்கு ஆறவிட்ட பிறகே தொடுங்கள். அதன்பின் சில வாரங்களுக்கு டேப் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி பிசுபிசுக்கும். ஆகவே மெஷினை முன்கூட்டியே தயார் செய்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும்: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஹெட்டைத் துடைத்து, காந்தம் நீக்கி வைத்திருங்கள்.

டேப்பின் தொடக்கத்தில் 'பீ...' என்று சோதனை ஒலிகள் இருந்தால் அவற்றை வைத்து ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, சிம்பல் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் பதிவுசெய்துவிட்டு 'பழைய டேப், மங்கலாகத்தான் இருக்கும்' என்று சொல்பவர்கள் அதிகம். டிஜிட்டலாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: தொகுப்பை எல்பியாகவும் (வினைல் தட்டாகவும்) கொண்டுவரலாமா? பாட்டு வரிசை முக்கியமா?
– வாசகி, கெப்போங்

பதில்: சிடியில் 79 நிமிடம்வரை அடைக்கலாம், பீட்டில்ஸின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு 27 பாட்டோடு அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எல்பி அப்படி அல்ல. ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம். அதைத் தாண்டினால் ஒலியைக் குறைத்துப் பள்ளம் வெட்டுவார்கள், தட்டின் இரைச்சல் மேலே தெரியும். முள் நடுவை நெருங்க நெருங்க ஒலி தேயும். ஆகவே சத்தமான பாட்டும், 'ச', 'ஸ' அதிகம் ஒலிக்கும் பாட்டும் வெளி விளிம்பில். மெதுவான பாட்டு பக்கத்தின் கடைசியில். வருட வரிசைப்படி வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் தட்டுதான் அழும்.

இணையத்தில் ஏற்றும்போது: முன்பே ஏறிய அதே பதிவு என்றால் அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள். புது எண் போட்டால் கேட்ட கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒலியை முடிந்தவரை ஏற்றிவிடச் சொல்லும் நண்பர்களைப் புறக்கணியுங்கள். ஸ்பாட்டிஃபை தளம் -14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியின் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும், நசுங்கிய டிரம் மட்டும் மிச்சமாகும்.

கேள்வி: அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழைய தட்டு தேடுவேன். சில தொகுப்பில் பாட்டு அதே பாட்டுதான், ஆனால் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: பின்னட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் பாருங்கள். 'மூலக் குழுவின் ஒருவரோ பலரோ மறுபதிவு செய்தது' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அது பாடகர் வயதான பிறகு வேறு வாத்தியக்காரர்களோடு பாடியது. மாஸ்டர் கிடைக்காதவர்கள் போடும் குறுக்குவழி. வட்டத்துக்குள் 'பி' என்ற குறி ஒலிப்பதிவுக்கானது, 'சி' அட்டைக்கும் எழுத்துக்கும். 1965இல் வந்த பாட்டுக்கு நேராக 'பி'யில் 1987 மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைக்காரரிடம் ஒரு நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லா வேறுபாடும் ஏமாற்று ஆகாது. வானொலிக்காகச் சுருக்கிய சிங்கிள் வடிவமாக இருக்கலாம், மோனோவாக இருக்கலாம். தி போலீஸ் குழுவின் 1986 தொகுப்பில் ஒரு பாட்டு முழுக்கப் புதிதாகப் பதிவானது. எல்லாவற்றையும் மறுபதிவு செய்ய உட்கார்ந்தார்கள், டிரம்மர் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார், பேச்சும் முறிந்தது. மிஞ்சிய அந்தப் பாட்டைப் பழையதை எதிர்பார்த்து வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள்.

கேள்வி: லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய எல்பிகளில் பூஞ்சை. கழுவலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கழுவலாம், குழாய் நீரில் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கும். காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. 78 வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது, அது கரைந்துவிடும். பழைய காகித உறையில்தான் பூஞ்சை குடியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பாலித்தீன் உறை மாற்றுங்கள். அலமாரியில் நிற்க வைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை உலர்த்த மறக்க வேண்டாம், நனைந்த ஜெல் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். வாங்கிய தட்டை காரில் விட்டுவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வரும்போது தட்டு வளைந்திருக்கும்.