கேள்வி-பதில்: மெக்கானிக்கல் கீபோர்டு

கேள்வி: சாதாரண கீபோர்டிலும் விசையை அழுத்தத்தானே செய்கிறோம்? மெக்கானிக்கலில் அப்படி என்ன தனியாக இருக்கிறது?

விலை குறைந்த கீபோர்டுகளில் எல்லா விசைகளுக்கும் பொதுவாக ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அதனடியில் மின்தடம் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், அவற்றைப் பிரிக்க நடுவே ஓட்டை போட்ட ஒரு தாள். ரப்பர் குமிழ் மடங்கி மேல் தாளைக் கீழ்த் தாளோடு சேர்க்கும்போது எழுத்து பதிவாகும். குமிழ் தளர்ந்தால் விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கலில் விசைக்கு ஒரு சுவிட்ச். அதைப் பிரித்தால் மேல் கூடு, கீழ்க் கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, சுருள் ஸ்ப்ரிங், பக்கவாட்டில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். தகடுகளில் ஒன்று அசையாது, மற்றது வளையும். தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் வளையும் தகட்டை எப்போதும் தள்ளிப் பிடித்திருக்கும். தண்டு கீழே இறங்கியதும் கால்கள் விலக, தகடு தன் சொந்த விறைப்பினால் பாய்ந்து அடுத்த தகட்டைத் தொடும்.

பலர் கவனிக்காத விஷயம் இதுதான்: விரல் தகடுகளை அழுத்திச் சேர்ப்பதில்லை, பிடித்து வைத்திருந்ததை விடுவிக்கிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தகடுகள் தொடும் அழுத்தம் மாறாது. 5 கோடி, 10 கோடி அழுத்தங்கள் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் கூற முடிவதற்கு இது ஒரு காரணம். ஓங்கி அடிப்பதால் தேய்வது கீகேப்பும் (சுவிட்சின் மேல் மாட்டும், எழுத்து அச்சிட்ட மூடி) விரல் மூட்டும்தான்.

கேள்வி: சிவப்பு, பழுப்பு, நீலம் என்று சுவிட்சுகளுக்கு நிறம் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

இந்த நிறக் கணக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையிலிருந்து வந்தது. சிவப்பு தடையில்லாமல் வழுக்கி இறங்கும்; 45 சென்டிநியூட்டன், அதாவது ஏறக்குறைய 45 கிராம் எடை வைத்தால் போதும். பழுப்பில் வழியில் ஒரு சிறு மேடு தட்டும், 55 சென்டிநியூட்டன். நீலத்தில் மேடும் உண்டு, ‘டிக்’ என்ற ஒலியும் உண்டு, 60 சென்டிநியூட்டன். மூன்றுமே மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஆனால் சிவப்பும் பழுப்பும் 2 மி.மீ.யிலும், நீலம் 2.2 மி.மீ.யிலும் எழுத்தைப் பதிந்துவிடும்.

நீலத்தின் ஒலி தொடுமுனையிலிருந்து வருவதல்ல. அதன் தண்டு இரண்டு துண்டு; கீழ்த் துண்டு மேட்டைத் தாண்டித் தெறித்து விழும் சத்தம் அது. ஒரே எழுத்தை வேகமாக இருமுறை தட்ட வேண்டுமென்றால் பதிவுப் புள்ளியைவிட நன்றாக மேலே விரலைத் தூக்க வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு நீலத்தைப் பலர் தவிர்ப்பது இதனால்தான். பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும் அறையென்றால் எதற்கும் வேண்டாம்.

மற்ற நிறுவனங்கள் இதே நிறங்களைப் பின்பற்றினாலும் எண்கள் வேறுபடும். நிறத்தை நம்பாமல் விவரக் குறிப்பைப் பாருங்கள்.

கேள்வி: 104 விசைக்கும் தனித்தனியாக 104 கம்பி போகிறதா?

இல்லை. சுவிட்சுகள் வரிசை, நெடுவரிசையாகப் பின்னப்பட்டிருக்கும். 6 வரிசை, 18 நெடுவரிசை என்றால் 108 சந்திப்புகள். கட்டுப்பாட்டுச் சில்லுக்கு 24 இணைப்புகளே போதும். சில்லு ஒவ்வொரு வரிசையாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுவரிசையில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கும். நொடிக்குப் பல நூறு முறை இந்தச் சுற்று நடக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால், மின்சாரம் மூன்றின் வழியாகவும் சுற்றி வந்து நான்காவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டும். இதைத் தடுக்க நல்ல கீபோர்டில் சுவிட்சுக்கு ஒரு டயோடு இருக்கும். மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். டயோடு இல்லாதவற்றில், ஐயத்துக்கிடமான மூன்றாவது விசையையே சில்லு ஒதுக்கிவிடும்.

டயோடு இருந்தும் ஆறு எழுத்துக்கு மேல் சேர்ந்து விழவில்லையா? அது யூஎஸ்பியின் அடிப்படை முறை. 8 பைட்டுகள் கொண்ட செய்தியில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, ஒன்று காலி, மீதி ஆறும் ஆறு விசைகளுக்கு. எல்லா விசைகளையும் ஒன்றாக ஏற்கும் கீபோர்டுகள் வேறு வடிவச் செய்தியை அனுப்புகின்றன.

கேள்வி: தமிழ்99 முறையில் தட்டச்சு செய்ய தனி கீபோர்டு வேண்டுமா?

வேண்டாம். கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில ‘ஏ’ அச்சிட்ட விசையின் எண் 4. அதை ‘அ’ ஆக்குவது கணினியில் உள்ள மென்பொருள்.

கேள்வி: ஒருமுறை தட்டினால் சில எழுத்துகள் இரண்டாக விழுகின்றன. கீபோர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் ஒரு சுவிட்சின் கோளாறுதான். உலோகத் தகடுகள் தொடும்போது உடனே நிலைத்து நிற்காது. சில மில்லிநொடிகள் துள்ளும். சில்லின் மென்பொருள் சுமார் 5 மில்லிநொடி பொறுத்திருந்து துள்ளல் அடங்கியபின் ஒரே அழுத்தமாகக் கணக்கிடும். தொடுமுனையில் தூசியோ கறையோ படிந்தால் துள்ளல் நீண்டு, இரண்டு அழுத்தமாகத் தெரியும்.

முதலில் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். கோளாறு கூடவே வந்தால் கம்பியைக் கழற்றிவிட்டு கீகேப்பை எடுத்து, தூசியை ஊதிவிடுங்கள். தண்டைப் பாதி அழுத்திப் பிடித்து, ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு மூன்று துளி விட்டு, ஐம்பது முறையாவது தட்டுங்கள். சில மணி நேரம் நன்றாகக் காய்ந்தபிறகே இணைப்பு. துருநீக்கும் எண்ணெய்த் தெளிப்பான் பக்கமே போகாதீர்கள். எண்ணெய்ப் படலம் மேலும் தூசியைப் பிடிக்கும்.

சரியாகவில்லை, சுவிட்சுகள் கழற்றி மாட்டும் வகை என்றால் வழி சுலபம். அதை அரிதாகப் பயன்படும் ஸ்க்ரோல் லாக் சுவிட்சோடு இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு நகர்ந்தால் சுவிட்ச் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டோ சர்க்யூட் பலகையோ. பற்றவைத்த வகையில் ஈயத்தை இரண்டு கால்களிலும் முழுவதுமாக உறிஞ்சி எடுத்த பிறகே சுவிட்சை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பலகையின் செப்புத் தடம் கூடவே உரிந்து வந்துவிடும். பிறகு அது சுவிட்ச் வேலை அல்ல, தடத்துக்குக் கம்பி கட்டும் வேலை.

சில கீபோர்டுகளில் பொறுக்கும் நேரத்தை 10 மில்லிநொடியாக உயர்த்தலாம். அறிகுறி மறையும், கறை அங்கேயே இருக்கும்.

ஒரு எழுத்துக்குப் பதில் ஒரு வரிசையோ நெடுவரிசையோ முழுவதுமாகச் செத்துக் கிடந்தால் சுவிட்சுகளைத் தொடாதீர்கள். பலகையின் தடமோ சில்லின் காலோ அறுந்திருக்கும்.

கேள்வி: ஸ்பேஸ் பார் மட்டும் கடகடக்கிறது. ஏன்?

நீண்ட விசைகளின் அடியில் ஒரே ஒரு சுவிட்ச்தான் உண்டு. ஓரத்தில் தட்டினாலும் சமமாக இறங்க ஸ்டெபிலைசர் என்ற அமைப்பு வேண்டும்: இரண்டு பிளாஸ்டிக் கூடுகள், அவற்றுக்குள் இரண்டு தண்டுகள், இரண்டையும் இணைக்கும் வளைந்த எஃகுக் கம்பி. கம்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான தளர்வுதான் அந்தச் சத்தம். கம்பியைக் கழற்றிக் கண்ணாடிமேல் படுக்க வையுங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் மெல்ல வளைத்துச் சமமாக்குங்கள். பிறகு முனைகளில் மின்கடத்தாத கெட்டி கிரீஸ் தாராளமாக, தண்டின் பக்கங்களில் மெல்லிய பூச்சாக. தண்டிலும் தாராளமாகப் பூசினால் விசை மேலே எழ நேரமெடுக்கும்.

கேள்வி: புதிதாக மாட்டிய சுவிட்ச் வேலையே செய்யவில்லை.

பிடுங்கிப் பாருங்கள், பத்தில் ஒன்பது முறை ஒரு கால் மடங்கியிருக்கும். இடுக்கியால் நிமிர்த்தி, அடியில் சாக்கெட்டை விரலால் தாங்கியபடி நேராக அழுத்துங்கள். மூன்று துளையுள்ள பலகையில் ஐந்து கால் சுவிட்ச் போகாது. ஓரத்து இரண்டு பிளாஸ்டிக் கால்களை மட்டும் வெட்டிவிடலாம்.

கேள்வி: கீகேப்புகள் சில மாதத்தில் எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கின்றன. கழுவினாலும் போகவில்லை.

அது அழுக்கல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு விரல்பட்டு மழுங்கிவிட்டது. பிபிடி பிளாஸ்டிக் இப்படிச் சீக்கிரம் மழுங்காது. மாற்றுவதற்கு முன் ஸ்பேஸ் பார், ஷிஃப்ட் விசைகளின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பேஸ் பாரின் வழக்கமான நீளம் 6.25 அலகு, ஓர் அலகு என்பது 19.05 மி.மீ.